தென்னையில் காய் வெடிப்பும் நீர்ப்பாசனமும்

தென்னையில் காய் வெடிப்பு என்பது, தென்னை மரத்தின் (தாவரவியல் பெயர்: கோகோசு நூசிஃபெரா) குலையில் இருக்கும் முற்றாத காய்களின் மட்டையும், சில வேளைகளில் மட்டைக்குள் இருக்கும் ஓடும், பெரும்பாலும் நீளவாக்கில் பிளந்துபோகும் குறைபாடு ஆகும். இது பூச்சியாலோ பூஞ்சையாலோ நேரடியாக உண்டாவதன்று. உடலியங்கியல் குறைபாடுகள் என்னும் வகையைச் சேர்ந்தது. தோட்டத்துக்கு நீர் கிடைக்கும் முறை சீரற்றுப் போவது இதன் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். பொட்டாசியம், போரான் ஆகிய ஊட்டங்களின் பற்றாக்குறையும் சேரும்பொழுது வெடிப்பு மிகுகிறது.

நீர் குறைவாக இருப்பதனால் மட்டுமோ, மிகுதியாக இருப்பதனால் மட்டுமோ காய் வெடிப்பதில்லை. நீண்ட வறட்சியில் இறுகிப்போன காய்க்குத் திடீரென மிகுந்த நீர் கிடைப்பதே வெடிப்புக்கு வழிவகுக்கிறது. ஆகவே ஓர் ஆண்டில் மரத்துக்குப் பாய்ச்சப்படும் நீரின் மொத்த அளவைக் காட்டிலும், அந்நீர் எத்தனை நாள் இடைவெளியில், எவ்வளவு சீராகக் கிடைக்கிறது என்பதே இக்குறைபாட்டைப் பொறுத்தவரை முக்கியமானது.

பெயரும் தோற்றமும்

தென்னை வேளாண்மையில் "வெடித்தல்" என்னும் சொல் இருவேறு பொருள்களில் வழங்குகிறது. பாளை வெடித்தல் என்பது பூங்கொத்தை மூடியிருக்கும் உறை பிளந்து பூக்கள் வெளிவரும் இயல்பான நிகழ்வு. காய் வெடித்தல் என்பது இங்கு விளக்கப்படும் குறைபாடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெடிப்பு மூன்று நிலைகளில் காணப்படலாம்:

1. மேல்தோலில் மட்டும் தோன்றும் மெல்லிய கீறல். காய் தொடர்ந்து வளரக்கூடும். ஆனால் வடு நிலைத்துவிடும்.
2. மட்டையின் நார்ப்பகுதி வரை செல்லும் பிளவு. பிளவின் வழியாக ஈரம் வெளியேறும். பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் உட்புக வழி ஏற்படும்.
3. ஓடு வரை சென்று அதனையும் பிளக்கும் முழு வெடிப்பு. உள்ளிருக்கும் நீர் வடிந்துவிடும். பருப்பு புளித்து அழுகிக் காய் உதிரும், அல்லது குலையிலேயே காய்ந்து தொங்கும்.

தேங்காயின் அமைப்பும் வளர்ச்சியும்

வெடிப்பு நிகழும் விதத்தை அறியக் காயின் அமைப்பை அறிதல் வேண்டும். தேங்காயின் வெளிப்புறத்தில் வழவழப்பான மேல்தோல் உள்ளது. அதற்கு அடுத்து நார் நிறைந்த தடித்த மட்டை, அதன் உட்புறம் கடினமான ஓடு (சிரட்டை அல்லது கொட்டாங்குச்சி), ஓட்டை ஒட்டி வெண்ணிறப் பருப்பு, நடுவில் நீர் என்ற வரிசையில் அடுக்குகள் அமைந்துள்ளன. இவ்வடுக்குகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரே காலத்தில் இறுகுவதும் இல்லை.

பூ கருவுற்றதிலிருந்து காய் முற்றுவதற்கு ஏறத்தாழ 11 முதல் 12 மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் குரும்பை மெதுவாக வளர்கிறது. மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின் வளர்ச்சி விரைவடைகிறது. ஆறு அல்லது ஏழு மாதங்களில் காய் ஏறத்தாழ முழுப் பருமனை எட்டிவிடுகிறது. இக்காலத்தில் உட்குழி நீரால் நிறைந்திருக்கும். பருப்பு வழுக்கையாகப் படியத் தொடங்கும். ஓடு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. இதன் பின்னரே ஓடு கெட்டிப்பட்டுப் பழுப்பு நிறம் அடைகிறது, பருப்பு தடிக்கிறது, நீரின் அளவு குறைகிறது.

இளநீர்ப் பருவத்துக் காயைச் சீவித் துளையிடும்பொழுது முதலில் நீர் பீறிட்டு அடிப்பதைக் காணலாம். காயின் உட்புறம் அழுத்தத்தில் இருப்பதை இது காட்டுகிறது. விரைந்த வளர்ச்சி, நிறைந்த நீர், இறுகாத ஓடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இந்தப் பருவமே வெடிப்புக்கு மிகவும் இடம் தருவதாகும்.

நல்ல பராமரிப்பில் உள்ள தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது அதற்குச் சற்று மிகுதியான ஓலைகளை விடுகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றுவதால், ஒரே மரத்தில் குரும்பை முதல் நெற்று வரை பல வயதுக் குலைகள் எப்பொழுதும் இருக்கும். எனவே ஆண்டின் எந்த மாதத்தில் நீர் தட்டுப்பட்டாலும், வெடிப்புக்கு ஏற்ற பருவத்தில் உள்ள குலை ஒன்றேனும் மரத்தில் இருக்கும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் காய்க்கும் மா, மாதுளை போன்ற மரங்களிலிருந்து தென்னை இவ்வகையில் வேறுபடுகிறது.

வெடிப்பு நிகழும் விதம்

தக்காளி, மாதுளை, லிச்சி, செர்ரி முதலிய கனிகளிலும் வெடிப்பு உண்டு. இவை அனைத்திலும் அடிப்படை ஒன்றே: உட்பகுதி விரிவடையும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வெளித்தோல் விரிய முடியாதபொழுது தோல் கிழிகிறது. தென்னையில் இது கீழ்க்காணும் படிகளில் நிகழ்கிறது.

மண்ணில் ஈரம் குறையும்பொழுது வேர்கள் உறிஞ்சும் நீரும் குறைகிறது. ஓலைகளில் உள்ள இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கை தளர்வதால் காய்க்குச் செல்லும் உணவும் குறைகிறது. காயின் உயிரணுக்கள் விரிவடைவது மெதுவாகிறது. வறட்சி நீடித்தால் மேல்தோலும் மட்டையின் வெளிப்பகுதியும் நெகிழ்ச்சியை இழந்து, உரிய வயதுக்கு முன்பே இறுகிவிடுகின்றன.

இந்நிலையில் பெருமழை பெய்தாலோ, தோட்டம் நிறைய நீர் பாய்ச்சினாலோ, வேர்கள் மிகுந்த நீரை உறிஞ்சி மேலே அனுப்புகின்றன. காயின் உட்பகுதியில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும் நீரைத் தம்பால் ஈர்க்கின்றன. உயிரணுக்கள் விம்மி உள்ளழுத்தம் உயர்கிறது. நெகிழ்ச்சியிழந்த மட்டை அதற்கேற்ப விரிய இயலாமல், வலுக்குறைந்த ஒரு கோட்டில் பிளக்கிறது. மட்டையின் நார்கள் பெரும்பாலும் காயின் நீளவாக்கில் அமைந்திருப்பதால் பிளவும் பெரும்பாலும் அத்திசையிலேயே செல்கிறது.

ஆகவே வெடிப்பு கண்ணுக்குத் தெரிவது நீர் கிடைத்த பின்னரே. ஆனால் அதற்கான அடிப்படை அதற்கு முந்தைய வறண்ட வாரங்களிலேயே அமைந்துவிடுகிறது. நீர் பாய்ச்சிய பின் காய்கள் வெடிப்பதைக் கண்டு, நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணிப் பாசனத்தை மீண்டும் நிறுத்துவது தவறான தீர்வாகும். அது அடுத்த சுற்று வெடிப்புக்கே வழிகோலும்.

பாசன முறைகளும் வெடிப்பும்

தோட்டம் முழுதும் பாய்ச்சல்

வாய்க்கால் வழியாகத் தோட்டம் முழுவதையும் நனைக்கும் முறையில் ஒவ்வொரு முறையும் மிகுந்த நீர் செலவாகிறது. அதனால் இரு பாய்ச்சல்களுக்கு இடையேயான நாட்களும் மிகுகின்றன. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 7.5 மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட ஒரு எக்டேர் தோட்டத்தில் ஏறத்தாழ 175 மரங்கள் இருக்கும். அத்தோட்டத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் 5 இலட்சம் லிட்டர் தேவை. அதாவது மரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,850 லிட்டர். நாளொன்றுக்கு 65 லிட்டர் வீதம் கொடுத்தால் இது 43 நாட்களுக்கும் மேலாக வரக்கூடிய நீராகும்.

எனினும் அந்நீர் முழுவதும் மரத்துக்குப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி வேர்களைத் தாண்டி ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு பகுதி மரங்களுக்கு இடைப்பட்ட நிலத்திலிருந்து ஆவியாகிறது. மண் விரைவில் காய்ந்துவிட, அடுத்த பாய்ச்சல் வரும்வரை மரம் காத்திருக்கிறது. நனைதலும் காய்தலும் மாறி மாறி வரும் இந்த ஏற்றத்தாழ்வே வெடிப்புக்கு ஏற்ற சூழலாகும்.

வட்டப்பாத்திப் பாசனம்

மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி அமைத்து அதற்குள் மட்டும் நீர் பாய்ச்சுவது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறையாகும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லி வேர்கள் புறப்படுகின்றன. இவற்றுள் செயல்திறன் மிக்க வேர்களில் பெரும்பாலானவை அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் சுற்றளவுக்குள் அமைந்திருப்பதால், வட்டப்பாத்தியில் இடும் நீரும் உரமும் வேர்களுக்கு எளிதில் எட்டுகின்றன.

1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீட்டர். அதில் 410 லிட்டர் நீர் விட்டால், அது 4 சென்டிமீட்டர் மழைக்குச் சமம். இடைவெளி தவறாமல் பாய்ச்சினால் வெடிப்பைக் கட்டுப்படுத்த இம்முறை போதுமானது.

சொட்டு நீர்ப் பாசனம்

சொட்டு நீர்ப் பாசனத்தில் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிதளவு நீர் வேர்ப்பகுதிக்குச் செல்கிறது. மண்ணின் ஈரம் பெரிதாக ஏறி இறங்காததால், காய் வெடிப்பைத் தவிர்ப்பதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. மணிக்கு 8 லிட்டர் விடும் நான்கு சொட்டுவான்களை மரத்தைச் சுற்றி அமைத்தால், 65 லிட்டர் நீரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம்.

இம்முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நாளடைவில் நீருறிஞ்சும் வேர்கள் ஈரமுள்ள சிறு பகுதியிலேயே செறிந்துவிடுகின்றன. மின்தடையாலோ கிணறு வற்றுவதாலோ நீர் நின்றுவிட்டால் அப்பகுதி விரைவில் காய்ந்து, மரம் திடீர் வறட்சிக்கு உள்ளாகிறது. உப்பு படிந்து சொட்டுவான்கள் அடைபடுவதும், எலிகளும் அணில்களும் குழாய்களைக் கடிப்பதும் வழக்கம். ஒரு வரிசையில் சில மரங்களில் மட்டும் காய்கள் வெடித்தால், அம்மரங்களின் சொட்டுவான்களை முதலில் சோதிப்பது நன்று. ஒரே ஒரு சொட்டுவானை மட்டும் பொருத்துவதும் போதாது. வேர்ப்பகுதியின் ஒரு பக்கம் மட்டுமே நனையும்.

முறைவைத்து நீர் விடும் கால்வாய்ப் பாசனம்

கால்வாய் நீரை நம்பியுள்ள தோட்டங்களில் நீர் வரும் நாளை உழவர் தாமே முடிவு செய்ய இயலாது. கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரத் தென்னைக்கு உதவும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலம் மாற்றி மண்டலமாக நீர் விடப்படுகிறது. ஆண்டுப் பயிர் நிலத்துக்கு இம்முறை பொருந்தலாம். ஆண்டு முழுவதும் காய்க்கும் தென்னைக்கு இடைப்பட்ட காலத்தில் கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ இன்றியமையாததாகிறது. இத்தகைய தோட்டங்களில், கால்வாய் மூடியிருக்கும் மாதங்களில் குறைந்த அளவு நீரையேனும் கிணற்றிலிருந்து தொடர்ந்து கொடுத்து வருவதும், கால்வாய் திறந்தவுடன் வேர்ப்பகுதியை மூழ்கடிக்காமல் படிப்படியாக நீரைக் கூட்டுவதும் தேவையாகும்.

மழையின் பங்கு

மழையை மட்டும் நம்பியுள்ள தோட்டங்களிலும் இதே ஏற்றத்தாழ்வு இயற்கையாக நிகழ்கிறது. கேரளத்தின் மேற்குக் கரையில் திசம்பர் முதல் மே வரை நீளும் வறண்ட காலத்துக்குப் பின் சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கோடை மழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இம்மாற்றத்தை உண்டாக்குகின்றன.

மழையை நிறுத்தவோ குறைக்கவோ இயலாது. ஆனால் மழைக்கு முன் மண் எந்த அளவு காய்ந்திருக்கிறது என்பது ஓரளவு உழவரின் கையில் உள்ளது. மழையை எதிர்பார்த்துப் பாசனத்தை முன்கூட்டியே நிறுத்திவிடும் பழக்கம் வெடிப்பை மிகுவிக்கும். மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருக்குமாயின், மழையினால் காயின் உள்ளழுத்தத்தில் ஏற்படும் மாற்றம் சிறிதாகவே இருக்கும்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை மரங்களே காய்ந்து மடிந்தன. இத்தகைய கடும் வறட்சியின் தாக்கம் ஓராண்டோடு முடிவதில்லை. பாளையின் கரு தோன்றியது முதல் காய் முற்றும் வரை ஏறத்தாழ 44 மாதங்கள் ஆவதால், வறட்சிக்கு அடுத்த மூன்று ஆண்டுகளிலும் விளைச்சல் குறையக்கூடும். காய் வெடிப்பு இந்த நீண்ட பாதிப்பின் உடனடியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பகுதி மட்டுமே.

மண் வகை

மணற்பாங்கான மண் நீரை விரைவில் இழந்துவிடும். கடற்கரைத் தோட்டங்களிலும் செம்மணல் நிலங்களிலும் ஒரே முறை மிகுதியாகப் பாய்ச்சுவதனால் பயன் குறைவு. குறைந்த அளவில் அடிக்கடி பாய்ச்சுவதே ஏற்றது. களிப்பாங்கான கரிசல் மண் நீரை நெடுநாள் தேக்கி வைக்கும். ஆயினும் அது காயும்பொழுது வெடித்துச் சல்லி வேர்களை அறுத்துவிடும். நீர் தேங்கினால் காற்றோட்டமின்றி வேர்கள் செயலிழக்கும். நீரில் நின்றுகொண்டிருக்கும் மரமும் நீரை உறிஞ்ச இயலாத நிலைக்கு உள்ளாகும் என்பதால், இத்தகைய நிலங்களில் வடிகால் வசதி பாசனத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

ஊட்டச்சத்துகளுடனான தொடர்பு

ஒரே தோட்டத்தில், ஒரே நீரைப் பெறும் மரங்களுள்ளும் சில மட்டும் வெடித்த காய்களைத் தாங்கி நிற்பதற்கு ஊட்ட வேறுபாடு ஒரு காரணமாகும்.

பொட்டாசியம்: தென்னை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் ஊட்டம் இதுவே. இலைத்துளைகள் திறந்து மூடுவதையும் உயிரணுக்களின் நீர்ச் சமநிலையையும் இது நெறிப்படுத்துகிறது. பொட்டாசியம் குறைந்த மரம் வறட்சியைத் தாங்கும் திறனை இழக்கிறது. மூரியேட்டு ஆஃப் பொட்டாசு உரத்தில் பொட்டாசியத்துடன் குளோரினும் உள்ளது. தென்னைக்குக் குளோரினும் இன்றியமையாத ஊட்டமாகும்.

போரான்: உயிரணுச் சுவர்களின் பிணைப்புக்கும் நெகிழ்ச்சிக்கும் போரான் தேவை. இது குறைந்தால் இலை நுனிகள் கொக்கி போல வளைதல், குருத்தோலைகள் விரியாமல் ஒட்டிக்கொள்ளுதல், குரும்பை உதிர்தல் ஆகியவற்றுடன் காய்களில் வெடிப்பும் தோன்றலாம்.

கால்சியம்: உயிரணுச் சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பொருளில் இதற்குப் பங்கு உண்டு. பல கனிகளில் தோலின் வலிமை இதனைப் பொறுத்தது.

போரானும் கால்சியமும் நீரோட்டத்துடன் சேர்ந்தே வேரிலிருந்து மேலே செல்கின்றன; பழைய இலைகளிலிருந்து காய்க்கு எளிதில் இடம்பெயர்வதில்லை. எனவே மண் காய்ந்திருக்கும் காலத்தில், மண்ணில் போரான் இருந்தாலும் வளரும் காய்க்கு அது போய்ச் சேர்வதில்லை. நீர்த் தட்டுப்பாடு காயின் வளர்ச்சியைத் தடுப்பதுடன், மட்டையின் சுவர்களை வலுப்படுத்தும் ஊட்டத்தையும் தடுத்துவிடுகிறது. உரமிட்டும் வெடிப்பு நிற்கவில்லை என்ற நிலை பல தோட்டங்களில் ஏற்படுவதற்கு இதுவும் காரணமாகும். ஈரமற்ற மண்ணில் இட்ட உரம் மரத்துக்குப் பயன்படாது.

வெடிப்பு போலத் தோன்றும் பிற சேதங்கள்

காயில் காணப்படும் எல்லாப் பிளவுகளும் நீரினால் ஏற்படுவன அல்ல.

ஈரியோபைட் சிலந்தி: கண்ணுக்குத் தெரியாத இச்சிலந்தி 1965ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் குவெரேரோ பகுதியிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டது. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் இறுதியில் கற்பிட்டிப் பகுதியிலும், இந்தியாவில் 1998ஆம் ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் கண்டறியப்பட்டது. காம்பை ஒட்டிய மூடிதழ்களுக்கு அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. முதலில் வெளிர்நிற முக்கோணத் திட்டு தோன்றி, பின்னர் பழுப்பு நிறமாகிச் சொரசொரப்பான நீள்வெடிப்புகளாக மாறும்; பிசின் வடிவதும் உண்டு. காய் சிறுத்துக் கோணலாகும். பழுப்புத் திட்டு காம்பருகிலிருந்து தொடங்குவது இதன் அடையாளம். நீரினால் ஏற்படும் வெடிப்பு, பழுதற்ற பசுமையான தோலின் மீதே புதிதாகத் தோன்றும்.

எலியும் அணிலும்: இவை கடித்த துளை வட்டமாகவும் விளிம்பில் பற்குறியுடனும் இருக்கும். பெரும்பாலும் காம்பருகில் காணப்படும்.

அடிபட்ட காய்கள்: பறிக்கும்பொழுது கீழே விழுந்து மோதிய காய்களின் ஓடு உட்புறத்தில் கீறியிருக்கும். பறித்த காய்களை வெயிலில் குவித்து வைப்பதாலும் ஓடு வெடிக்கலாம். இவை மரத்தில் ஏற்படும் வெடிப்புடன் தொடர்புடையவை அல்ல.

காரணத்தைக் கண்டறிதல்

தோட்டத்தில் வெடிப்பு எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு காரணத்தை ஓரளவு அறியலாம்.

- பல மரங்களில், ஒரே வயதுக் குலைகளில், ஒரே காலத்தில் காய்கள் வெடித்தால் நீரின் ஏற்றத்தாழ்வே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.
- ஆண்டுதோறும் அதே சில மரங்களில் மட்டும் வெடித்தால் அம்மரங்களின் ஊட்ட நிலையையும் மண்ணையும் ஆராய வேண்டும்.
- வாய்க்காலின் கடைக்கோடியில் அல்லது சொட்டுக் குழாயின் இறுதியில் உள்ள மரங்களில் வெடித்தால் நீர்ப் பகிர்வு சீராக இல்லை எனக் கொள்ளலாம்.

பாய்ச்சிய நாள், மழை பெய்த நாள், வெடிப்பு கண்ட நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், வெடிப்புக்கு முன் எத்தனை நாட்கள் மண் காய்ந்திருந்தது என்பது தெளிவாகும்.

தடுக்கும் முறைகள்

நீரின் அளவும் இடைவெளியும்

தமிழ்நாட்டின் மேற்கு மண்டலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ள அளவுகள் (மரம் ஒன்றுக்கு):

- பிப்ரவரி முதல் மே வரை: சொட்டு நீராயின் நாளொன்றுக்கு 65 லிட்டர், வட்டப்பாத்தியாயின் 6 நாட்களுக்கு ஒருமுறை 410 லிட்டர்.
- சனவரி, ஆகத்து, செப்டம்பர்: சொட்டு நீராயின் நாளொன்றுக்கு 55 லிட்டர், வட்டப்பாத்தியாயின் 7 நாட்களுக்கு ஒருமுறை 410 லிட்டர்.
- சூன், சூலை, அக்டோபர் முதல் திசம்பர் வரை: சொட்டு நீராயின் நாளொன்றுக்கு 45 லிட்டர், வட்டப்பாத்தியாயின் 9 நாட்களுக்கு ஒருமுறை 410 லிட்டர்.

வாய்க்கால் வழியாகக் கொண்டு செல்லும்பொழுது ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வட்டப்பாத்தி அளவுடன் 30 முதல் 40 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும். மழை பெய்யும் நாட்களில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். மழை மிகுந்த கேரளக் கடற்கரைச் சூழலில், காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் கோடையில் நாளொன்றுக்கு 32 லிட்டர் சொட்டு நீரும், வட்டப்பாத்தியில் 4 நாட்களுக்கு ஒருமுறை 200 லிட்டரும் பரிந்துரைத்துள்ளது. தட்பவெப்பமும் மண்ணும் மாறும்பொழுது அளவும் மாறும் என்பதை இது காட்டுகிறது.

நீர்ப் பற்றாக்குறைக் காலத்தில்

மேற்கு மண்டலத்துக்கான பரிந்துரையில், கோடையில் 65 லிட்டர் கொடுக்க இயலாதபொழுது மிதமான பற்றாக்குறைக்கு 45 லிட்டர், கடும் பற்றாக்குறைக்கு 22 லிட்டர் எனத் தனி அளவுகள் உள்ளன. வெடிப்பைத் தவிர்க்கும் நோக்கில் இது மிகவும் பயனுள்ள நெறியாகும். கிணற்றில் நீர் குறைந்தால் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, நீர் ஊறியபின் மொத்தமாகப் பாய்ச்சுவதைக் காட்டிலும், அளவைக் குறைத்து இடைவெளி மாறாமல் கொடுத்து வருவதே மேலானது.

வறட்சிக்குப் பின்

நெடுநாள் காய்ந்த தோட்டத்துக்கு மீண்டும் நீர் கிடைக்கும்பொழுது முதல் நாளிலேயே முழு அளவைக் கொடுத்தல் கூடாது. முதலில் சிறிதளவும், பின்னர் சில நாட்கள் இடைவெளியில் படிப்படியாகக் கூட்டியும் பாய்ச்ச வேண்டும். பெருமழைக்குப் பின் வட்டப்பாத்தியில் நீர் தேங்கினால் வடித்துவிட வேண்டும். வெடிப்புக்கு ஏற்ற பருவத்தில் உள்ள குலைகளை மழைக்கு முன் இளநீராக இறக்கிவிடுவதும் இழப்பைக் குறைக்கும் ஒரு வழியாகும்.

மூடாக்கு

வட்டப்பாத்தியைத் தென்னை ஓலை, மட்டை, நார்க்கழிவு ஆகியவற்றால் மூடினால் ஆவியாதல் குறைந்து ஈரம் நெடுநாள் நிலைக்கும். தேங்காய் மட்டை தன் எடையைப்போல 3 முதல் 5 மடங்கு நீரைத் தேக்கும் தன்மையுடையது. நார்க்கழிவு அதனினும் மிகுதியாகத் தேக்கும். மட்டைகளை அவற்றின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி பாத்தியில் புதைப்பது வழக்கம். மழைக்காலம் முடிந்து மண் காய்வதற்கு முன்பே மூடாக்கு இடுதல் வேண்டும்.

உரமிடல்

தமிழ்நாட்டில் ஐந்தாம் ஆண்டு முதல் மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50 கிலோகிராம் தொழுவுரம், 1.3 கிலோகிராம் யூரியா, 2 கிலோகிராம் சூப்பர் பாசுபேட்டு, 2 கிலோகிராம் மூரியேட்டு ஆஃப் பொட்டாசு ஆகியன இரு தவணைகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. போரான் குறைபாடு உறுதியானால் அதனை வெண்காரம் (போராக்சு) வடிவில் இடலாம். போரானைப் பொறுத்தவரை பற்றாக்குறைக்கும் நச்சுத்தன்மைக்கும் இடையேயான வேறுபாடு சிறிது என்பதால், மண் அல்லது இலை ஆய்வின்படி அளவை முடிவு செய்தல் வேண்டும். எந்த உரத்தையும் மண்ணில் ஈரம் இருக்கும்பொழுதே இட வேண்டும்.

பொருளாதார விளைவுகள்

வெடித்த காய் கொப்பரைக்கோ, இளநீருக்கோ, விதைக்கோ பயன்படாது. ஓடு பிளந்ததும் உட்புறம் கெட்டுவிடுவதால் அதனை முன்கூட்டியே பறித்து விற்கவும் இயலாது. மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 காய்கள் காய்க்கும் ஒரு எக்டேர் தோட்டத்தில், நூற்றுக்கு ஐந்து காய்கள் வெடித்தால்கூட 875 காய்கள் வீணாகும். அக்காய்களை வளர்க்க மரம் பல மாதங்கள் செலவிட்ட நீரும் உரமும் அவற்றுடன் வீணாகின்றன. நீர் குறைந்த ஆண்டுகளில் குரும்பை உதிர்வால் விளைச்சல் ஏற்கெனவே குறைந்திருக்கும். எஞ்சிய காய்களும் வெடிப்பது சிறு உழவர்களைப் பெரிதும் பாதிக்கிறது.

இக்குறைபாட்டுக்கு எதிராகத் தெளிக்கக்கூடிய பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ இல்லை. வெடித்த காயை மீட்கவும் வழியில்லை. ஆனால் அடுத்த குலையைக் காக்க முடியும். அதற்குப் புதிய நீர் ஆதாரம் எப்பொழுதும் தேவைப்படுவதில்லை. இருக்கும் நீரைச் சம இடைவெளியில் பகிர்ந்து கொடுப்பதும், மண்ணின் ஈரத்தை மூடாக்கால் காப்பதும் பெரும்பாலான தோட்டங்களில் இயலக்கூடியவையே.

இவற்றையும் பார்க்க

- தென்னை
- இளநீர்
- சொட்டு நீர்ப் பாசனம்
- ஈரியோபைட் சிலந்தி
- பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்